சேலத்து ஆலைகளில் ஏ.ஜி.வி. வண்டிகளை நிறுவுவது எப்படி: தரையிலிருந்து தொடங்கும் வழிமுறை

ஆலைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் ஓட்டுநர் இல்லாமல் சரக்கை எடுத்துச் செல்லும் ஏ.ஜி.வி. வண்டியை வாங்க எண்ணும் நிர்வாகி, பெரும்பாலும் அதன் விலையை முதலிலும் அது எத்தனை கிலோ சுமக்கும் என்பதை அடுத்ததாகவும் கேட்கிறார். இவ்விரண்டும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். தரை எப்படி இருக்கிறது, சுமை எந்த வடிவில் வருகிறது, அது எந்த இடத்தில் கைமாறுகிறது, அந்த வழியில் யார் யார் நடக்கிறார்கள் என்ற நான்கையும் அறியாமல் வாங்கப்படும் வண்டி, எவ்வளவு நல்ல நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், சில மாதங்களில் ஒரு மூலையில் நிறுத்தப்பட்டுவிடும். சேலம் வட்டாரத்து நூற்பாலைகள், ஜவ்வரிசி மற்றும் மாவுக் கிடங்குகள், எஃகு சார்ந்த பட்டறைகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து, அந்த நான்கிலிருந்து தொடங்கும் வழிமுறை இங்கே தரப்படுகிறது.

இந்தத் தொழில்நுட்பம் புதிதன்று. அமெரிக்காவின் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1950களின் முற்பகுதியிலேயே, தலைக்கு மேல் கட்டிய கம்பியைப் பின்பற்றிச் செல்லும் இழுவை வண்டியை உருவாக்கியது. பின்னர் கம்பி தரைக்குள் பதிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் சுவீடனின் கால்மார் நகரில் வோல்வோ நிறுவனம் திறந்த கார் ஆலையில், கார்களைத் தாங்கியபடி தாமாக நகரும் மேடைகளே பொருத்துதல் வரிசையின் இடத்தைப் பிடித்தன. இன்று ஏ.ஜி.வி. என்பது வரையறுத்த பாதையில் மட்டும் செல்வதையும், ஏ.எம்.ஆர். என்பது தடையைக் கண்டால் தானே சுற்றிச் செல்லும் திறனுள்ளதையும் பொதுவாகக் குறிக்கின்றன. சுற்றிச் செல்லும் திறன் எப்போதும் நன்மை என்று கருத வேண்டாம். குறுகிய சந்தில் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது தொழிலாளிக்குத் தெரியாமல் போவதைவிட, அது ஒரே கோட்டில் வந்து நின்று காத்திருப்பது பல ஆலைகளுக்குப் பொருத்தமானது.

முதல் வேலை: சரக்கின் நடமாட்டத்தைப் பதிவு செய்தல்

வண்டி விற்பவரை அழைப்பதற்கு முன், குறைந்தது ஒரு வாரம் மூன்று ஷிப்டுகளிலும் ஒவ்வொரு சரக்கும் எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை முறை, என்ன எடையில், எந்த நேரத்தில் என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். இதைத் துறை மேலாளரின் நினைவிலிருந்து எழுதக் கூடாது; வண்டி தள்ளுபவரோடு கூடவே நடந்து எழுத வேண்டும். நூற்பாலையை எடுத்துக்கொண்டால், பஞ்சு நூலாகும் அடுத்தடுத்த கட்டங்களின் வழியே, கார்டிங்கில் நிரம்பிய கேன்கள் (பஞ்சுத் திரி சுருண்டு கிடக்கும் உயரமான உருளைகள்) டிராயிங்குக்கும், அங்கிருந்து சிம்ப்ளக்ஸுக்கும், சிம்ப்ளக்ஸ் பாபின்கள் ஸ்பின்னிங்குக்கும், கோன் வைண்டிங்கிலிருந்து கோன்கள் பேக்கிங்குக்கும் செல்கின்றன. நிரம்பிய கேன் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் காலிக் கேன் திரும்பும் ஒரு பயணம் உண்டு. கணக்கெழுதும்போது பலரும் விட்டுவிடுவது இந்தத் திரும்பும் பயணத்தைத்தான்.

சராசரியைவிட உச்ச நேரமே முக்கியம். பல எந்திரங்களில் ஒரே நேரத்தில் டாஃபிங் (நிரம்பியவற்றை எடுத்துவிட்டுக் காலியானவற்றை வைத்தல்) வரும்போதும், ஷிப்டு மாறும் வேளையிலும் தேவை திடீரென உயர்கிறது. வண்டிகளின் எண்ணிக்கையை அந்த அரை மணி நேரமே தீர்மானிக்கிறது.

இந்தப் பதிவு முடிந்ததும், எந்தப் பயணத்தை அறவே ஒழிக்கலாம் என்று பார்ப்பது நல்லது. ஓர் எந்திரத்தை இடம் மாற்றினாலோ, மூடிக் கிடக்கும் ஒரு வாசலைத் திறந்தாலோ பாதி தூரம் குறையும் என்றால், அதற்கு நிகரான சிக்கனம் எந்த வண்டியிலும் கிடைக்காது.

எல்லா இடத்துக்கும் ஏ.ஜி.வி. பொருந்தாது என்பதையும் இக்கட்டத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே சரக்கு, ஒரே வழி, நாள் முழுதும் என்ற மூன்றும் கூடிவரும் இடமே அதற்கு உரியது. நூற்பாலையின் கேன் போக்குவரத்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஜவ்வரிசி ஆலையில் ஈரமான அரைவைப் பகுதியையும் வெயிலில் உலர்த்தும் களத்தையும் விட்டுவிட்டு, மூட்டை கட்டிய பிறகான கிடங்குப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை: காற்றில் மிதக்கும் மாவுத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக் கூடியது என்பதால், மாவு பறக்கும் அறைக்குள் சாதாரண மின்கல வண்டியை அனுமதிக்கும் முன் பாதுகாப்பு வல்லுநரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுவது கட்டாயம். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் கிடங்குகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறுவடை ஆண்டின் சில மாதங்களில் மட்டும் நடக்கிறது. சரிவில் கட்டிய கட்டடங்களில் சமதளம் குறைவு. அங்கே நல்ல சக்கரமுள்ள கைவண்டியும் ஒரு சிறிய மின்தூக்கியும் போதும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் போன்ற மொத்த வணிகப் பகுதிகளின் கடைக் கிடங்குகளில், சரக்கின் வடிவம் மணிக்கொரு தரம் மாறுவதால், அனுபவமுள்ள சுமைத் தொழிலாளிக்கு ஈடாக எந்த வண்டியும் வேலை செய்யாது.

தரை

நிறுவும் செலவில் எதிர்பாராத பகுதி தரையில்தான் இருக்கிறது. பழைய ஆலைகளில் கடப்பா, கோட்டா கற்கள் பதித்த தரைகளும் அடிக்கடி பூசித் திருத்திய சிமெண்ட் தரைகளும் கலந்து கிடக்கின்றன. கல் இணைப்புகளின் மேடு பள்ளம், விரிந்து உடைந்த இணைப்புக் கோடுகள், எண்ணெய் படிந்த பகுதிகள், பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் இடையிலுள்ள சரிவு ஆகியவற்றை ஆலை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் உயர்வு என்பது கண்ணுக்கு அற்பமாகத் தெரிந்தாலும், முழுச் சுமையுடன் ஏறும் சிறிய வண்டிக்கு அதுவே எல்லையாக இருக்கக்கூடும். வண்டியின் விவரக்குறிப்பில், சுமையோடு ஏறக்கூடிய சரிவு எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்டுப் பெறுங்கள்.

ஸ்பின்னிங் துறையில் ஈரப்பதக் கருவிக்குக் காற்று திரும்பிச் செல்லும் சுரங்கக் கால்வாய்கள் தரைக்கடியில் ஓடுகின்றன. அவற்றின் மூடிகள் மனிதர்கள் நடப்பதற்கும் கைவண்டி செல்வதற்கும் போடப்பட்டவை. 400 கிலோ எடையுள்ள வண்டி 600 கிலோ சுமையோடு மூடியின் மேல் ஏறும்போது 1,000 கிலோவும் நான்கு சக்கரங்களில் சமமாகப் பிரியும் என்று நம்பக் கூடாது. தரை சற்றுச் சாய்ந்திருந்தாலும் இரண்டு சக்கரங்களே பெரும் பகுதியைத் தாங்குகின்றன. ஆகையால் ஒவ்வொரு மூடியும் ஒரே சக்கரத்தின் கீழ் மொத்த எடையில் பாதியைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கொண்டு சோதித்து, தாங்காதவற்றை மாற்றிய பிறகே பாதையை அதன் மேல் வகுக்க வேண்டும்.

சுமையும் கைமாறும் இடமும்

வண்டி ஓடும் தூரத்தில் பெரும்பாலும் பிரச்சினை எழுவதில்லை. எடுக்கும் இடத்திலும் வைக்கும் இடத்திலும்தான் எழுகிறது. மனிதர் தள்ளும்போது கேன் அரை அடி தள்ளி நின்றாலும் அவர் சரிசெய்துகொள்கிறார். வண்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆகவே கேன்களும் டிராலிகளும் வந்து நிற்கும் இடத்தில், அவற்றை வழிநடத்தித் தடுத்து நிறுத்தும் இரும்புப் பட்டைகளைத் தரையில் பொருத்த வேண்டும். வளைந்த கால்களும் வெவ்வேறு உயரமும் கொண்ட பழைய டிராலிகளை ஒதுக்கிவிட்டு, ஒரே அளவில் புதியவை செய்துகொள்ள வேண்டும். சேலத்தின் பட்டறைகளில் இதற்கான திறமை தாராளமாக இருக்கிறது. வண்டி இறக்குமதியானாலும் டிராலியை உள்ளூரிலேயே செய்விப்பது செலவையும் பழுதுநீக்கும் காலத்தையும் குறைக்கும்.

டிராலியின் சிறு சக்கரங்களில் பஞ்சு சுற்றிக்கொள்வது நூற்பாலைக்கே உரிய தொல்லை. பஞ்சு இறுகியதும் சக்கரம் உருளாமல் இழுபடுகிறது; மோட்டார் அதிக மின்னோட்டத்தை எடுக்கிறது; உராய்வில் சூடும் ஏறுகிறது. மூடிய பேரிங்கும் அச்சை மறைக்கும் தகடும் உள்ள சக்கரங்களை வாங்கி, ஷிப்டுக்கு ஒருமுறை அவற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும்.

வழிகாட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

தரையில் ஒட்டும் காந்தப் பட்டை மலிவானது. பாதையை மாற்றவும் எளிது. ஆனால் கனமான கைவண்டிகளும் ஃபோர்க்லிஃப்டுகளும் குறுக்கே போகும் இடத்தில் அது பிய்ந்துபோகும். எஃகுப் பட்டறைகளில் இரும்புத் தூள் பட்டையில் ஒட்டுவதும், தரைக்கடியிலுள்ள இரும்பு காந்தப் புலத்தைத் திரிப்பதும் உண்டு. தரையில் பதித்த கியூஆர் குறிகளைப் படித்துச் செல்லும் முறை, மனிதர் நுழையாத சுத்தமான கிடங்குக்கு மிகவும் ஏற்றது. 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 2012ஆம் ஆண்டில் அமேசானால் வாங்கப்பட்ட கிவா சிஸ்டம்ஸ் நிறுவனம், அலமாரிக்கு அடியில் புகுந்து அதையே தூக்கிச் செல்லும் தன் வண்டிகளைத் தரைக்குறிகளின் துணையோடுதான் ஓட்டியது. பஞ்சும் எண்ணெயும் படியும் தரையில் அந்தக் குறிகள் மறைந்துபோகும்.

சுவரிலும் தூணிலும் பொருத்திய பிரதிபலிப்புத் தகடுகளை லேசரால் பார்த்து இடத்தைக் கணிக்கும் முறை துல்லியமானது. ஆனால் ஒவ்வோர் இடத்திலிருந்தும் குறைந்தது மூன்று தகடுகளாவது தடையின்றித் தெரிய வேண்டும். சுற்றுப்புறத்தின் வடிவத்தையே வரைபடமாக்கிக்கொண்டு செல்லும் முறைக்குத் தகடும் பட்டையும் தேவையில்லை என்றாலும், மூட்டை அடுக்குகள் தினமும் இடம் மாறும் கிடங்கில் வரைபடத்துக்கும் நடப்புக்கும் பொருத்தம் குறைந்து வண்டி தடுமாறும். ஒன்றுபோலவே நீளும் ஸ்பின்னிங் எந்திர வரிசைகளுக்கு நடுவிலும், எந்தச் சந்தில் நிற்கிறோம் என்பதை அது குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. பெரும்பாலான நூற்பாலைகளுக்கு, பொதுவழிகளில் லேசர் முறையும் கைமாறும் இடங்களில் குறுகிய காந்தப் பட்டையும் என்ற கலப்பே சரியாக வரும் என்பது என் கருத்து.

எத்தனை வண்டிகள்

இந்தக் கணக்கை விற்பவரிடம் விட்டுவிடாமல் நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் எடுத்துக்காட்டு: போகும் தூரம் 80 மீட்டர், திரும்பி வருவதையும் சேர்த்து 160 மீட்டர். வண்டியின் உச்ச வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றாலும், திருப்பங்களையும் சந்திகளையும் கணக்கில் கொண்டால் சராசரி 0.7 மீட்டர்தான் வரும். ஆக ஓட்டத்துக்கு ஏறத்தாழ 229 விநாடிகள். ஏற்ற 40, இறக்க 40 விநாடிகள் சேர்த்தால் 309. வழியில் காத்திருப்பதற்கு 15 சதவீதம் கூட்டினால் சுமார் 355 விநாடிகள், அதாவது ஆறு நிமிடம். ஒரு வண்டி மணிக்குப் பத்துப் பயணம் செய்யும். சார்ஜ் ஏற்றும் நேரமும் சிறு பழுதுகளும் போக 85 சதவீத நேரம்தான் கிடைக்கும் என்றால், மணிக்கு எட்டரைப் பயணம். சராசரித் தேவை மணிக்கு 14 பயணம் என்றால் இரண்டு வண்டிகள் போதும் என்று தோன்றும். உச்ச நேரத் தேவை 22 என்றால் மூன்று வேண்டும். இரண்டோடு நிறுத்திய ஆலையில், டாஃபிங் நேரத்தில் சைடர்கள் (எந்திரங்களைக் கவனிக்கும் தொழிலாளர்கள்) காத்திருந்து பார்த்துவிட்டுப் பழையபடி கையாலேயே தள்ளத் தொடங்குவார்கள்; அதன் பிறகு வண்டியின் மீது நம்பிக்கையை மீட்பது கடினம்.

மின்கலமும் மின்சாரமும்

ஈய-அமில மின்கலம் மலிவு. ஆனால் முழுதாக ஏறப் பல மணி நேரம் ஆகும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், வெப்பத்தைத் தாங்காது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது துறையில் வழங்கும் கணக்கு. சேலத்தின் ஏப்ரல், மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த மின்கலம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்துக்கு விலை கூடுதல் என்றாலும், வண்டி காத்திருக்கும் சில நிமிடங்களில் எல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், மூன்று ஷிப்டு ஓடும் ஆலைக்கு அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வகையானாலும் சார்ஜ் நிலையத்தைப் பஞ்சுப் பொதிகளுக்கு அருகில் வைக்கக் கூடாது.

மின்வெட்டின்போது வண்டி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கட்டுப்பாட்டுக் கணினியும் வைஃபை கருவிகளும் அணைந்தால், ஜெனரேட்டர் வரும் வரை எல்லா வண்டிகளும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அவை இரண்டுக்கும் யு.பி.எஸ். இணைப்புத் தருவது சிறிய செலவு.

பாதுகாப்பு

ஓட்டுநர் இல்லாத தொழிற்சாலை வண்டிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 3691-4. இது 2020ஆம் ஆண்டில் வெளியாகி 2023ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. இதற்கு இணங்கிய சான்று இல்லாத வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. பாதையின் இருபுறமும் நிலையான பொருள்களுக்கும் வண்டிக்கும் இடையே அரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும், அது கிடைக்காத இடத்தில் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றும் அத்தரநிலை கூறுகிறது. தரையில் படுத்த நிலையில் 200 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளையையும், நின்ற நிலையில் 70 மில்லிமீட்டர் விட்டமும் 400 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையையும் வண்டி கண்டு நிற்க வேண்டும். முதலாவது விழுந்து கிடக்கும் உடலுக்கும், இரண்டாவது ஒரு காலுக்கும் நிகரானவை. இவ்விரண்டு உருளைகளையும் பிளாஸ்டிக் குழாயில் செய்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியின் முன்னும் வைத்துப் பாருங்கள்.

வேகம் கூடினால் நிற்கும் தூரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. வண்டி தடையைக் கண்டு பிரேக் போட 0.4 விநாடி ஆகிறது என்றும், விநாடிக்கு விநாடி 0.7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்றும் கொண்டால், 1 மீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 1.1 மீட்டர் தேவை, 1.5 மீட்டர் வேகத்தில் அதுவே 2.2 மீட்டர். வேகத்தைப் பாதி கூட்டியதற்கு நிற்கும் தூரம் இரட்டிப்பாகிவிட்டது. எண்ணெய்த் தரையில் இது இன்னும் நீளும்.

தடையைக் கண்டறியும் லேசர் ஸ்கேனர் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் ஒரே தளத்தை மட்டுமே பார்க்கிறது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மேசையின் நீட்டிய விளிம்பும், உயர்த்தி நிறுத்திய ஃபோர்க்லிஃப்டின் கரங்களும் அதற்குத் தெரிவதில்லை. ஸ்பின்னிங் துறையில் எந்திரங்களுக்கு மேல் ஓடும் ஓவர்ஹெட் கிளீனரின் தொங்கும் குழாய்கள் தரையைத் தடவிச் செல்லும்போது அவற்றைத் தடையாகக் கண்டு வண்டி நின்றுவிடும்; பறக்கும் பஞ்சும் சில வேளை அப்படியே செய்யும். இத்தகைய நிறுத்தங்களால் எரிச்சலடைந்து ஸ்கேனரின் பாதுகாப்பு எல்லையைச் சுருக்குமாறு மேற்பார்வையாளர்கள் கேட்பார்கள். அதற்கு இணங்கவே கூடாது. கிளீனரின் ஓட்டத்தையும் வண்டியின் பாதையையும் பிரித்து அமைப்பதும், ஸ்கேனர் கண்ணாடியை மென்மையான துணியால் ஒவ்வொரு ஷிப்டிலும் துடைப்பதுமே வழி. பல டிராலிகளைத் தொடராக இழுக்கும் வண்டி திரும்பும்போது பின்னால் வருபவை உட்புறமாக வெட்டிச் செல்லும் என்பதால், திருப்பங்களின் உட்பக்கத்தில் எவரும் நிற்காதபடி தடுப்பு அமைக்க வேண்டும்.

தீ எச்சரிக்கை மணி அடித்தால் வண்டிகள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பஞ்சு ஆலையில் இது உயிர் சார்ந்த விஷயம். மணி அடித்த நொடியில் எல்லாமே அப்படியே நின்றால், ஒரு வண்டி வெளியேறும் வாசலையோ தீத்தடுப்புக் கதவின் கீழ்ப்பகுதியையோ அடைத்துக்கொண்டு நிற்கக்கூடும். வாசல் பகுதிகளை விட்டு விலகிய பிறகே நிற்குமாறு மென்பொருளில் அமைத்து, தீயணைப்புப் பயிற்சியின்போது அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

தொழிலாளர்களுடன்

கேன் தள்ளும் வேலையைப் பல ஆலைகளில் பெண்களே செய்கிறார்கள். தோளும் இடுப்பும் தேயும் வேலை அது. வண்டி வந்தால் தங்கள் வேலை போய்விடுமா என்ற அவர்களின் கேள்விக்கு, வண்டி வருவதற்கு முன்பே நிர்வாகம் நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. யார் எந்த வேலைக்கு மாற்றப்படுவார், சம்பளம் குறையாது என்பதை எழுத்தில் தர வேண்டும். பாதை வகுக்கும் கூட்டத்திலும் அவர்கள் உட்கார வேண்டும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வழியில் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் சேரும் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஸ்பின்னிங் துறையின் இரைச்சலில், அதுவும் காதடைப்பான் அணிந்தவருக்கு, வண்டியின் எச்சரிக்கை ஒலி கேட்காது. வண்டிக்கு முன்னால் தரையில் நீல ஒளிப்புள்ளியை வீசும் விளக்கைப் பொருத்துங்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் ஆலைகளில் பாதை ஓரத்து அறிவிப்புகள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும், பயிற்சியும் அவ்வாறே.

ஒப்பந்தமும் ஏற்புச் சோதனையும்

வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளை ஒரே கட்டுப்பாட்டு மென்பொருளின் கீழ் கொண்டுவர, ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கம் முன்னின்று வகுத்த வி.டி.ஏ. 5050 என்ற இடைமுகத் தரம் உதவுகிறது. அதை ஏற்கும் வண்டியை வாங்கினால், பின்னாளில் ஒரே விற்பனையாளரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. பாதையை மாற்றும் உரிமையும் கடவுச்சொல்லும் ஆலையின் கையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேவைப் பொறியாளர் கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சேலம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்; ஆகவே ஆலையின் எலக்ட்ரீஷியன்கள் இருவருக்காவது முழுப் பயிற்சி அளிப்பதையும், ஓட்டுசக்கரம், ஸ்கேனர் கண்ணாடி, சார்ஜ் தொடுமுனை ஆகியவற்றின் உதிரிகளைக் கையிருப்பில் வைப்பதையும் விலைக்குள்ளேயே பேசி முடிக்க வேண்டும்.

இறுதித் தொகையைக் கொடுக்கும் முன், உண்மையான சுமையோடு, இரவு ஷிப்டு உட்பட, தொடர்ந்து சில நாட்கள் உச்ச நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தமும் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால், எத்தனை நிமிடம் என்று பதிவாக வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் காரணம் பெரும்பாலும் வண்டியில் இருக்காது. அங்கே உடைந்த தரையோ, வைஃபை எட்டாத மூலையோ, இடம் மாறி வைக்கப்பட்ட டிராலியோ இருக்கும். முதல் மூன்று மாதங்களுக்கு இந்தப் பதிவேட்டை வாரந்தோறும் துறை மேலாளரும், பராமரிப்புப் பொறியாளரும், வண்டியோடு வேலை செய்யும் தொழிலாளர் ஒருவரும் சேர்ந்து படித்துத் திருத்தங்களை முடிவு செய்யட்டும். நிறுத்தங்கள் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட அளவுக்குள் குறைந்து, அது ஒரு மாதம் நிலைத்து நிற்கும் வரை பழைய கைவண்டிகளை விற்காமல் எண்ணெய் போட்டு வைத்திருங்கள்.